வீடு மாறப் போகிறீர்களா? லாரி வாடகையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

வீடு மாறுவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது “லாரிக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். 2023 மே மாதம் சென்னை குரோம்பேட்டையிலிருந்து கோவை சிங்காநல்லூருக்குக் குடிபோனோம். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான். நான், கணவர், ஐந்தாம் வகுப்பு முடித்த மகள். எல்லாம் ஓய்ந்து கணக்கைக் கூட்டியபோது கையை விட்டுப் போனது 96,580 ரூபாய். அதில் சாமானைக் கட்டி லாரியில் கொண்டுவந்த பேக்கர்ஸுக்குக் கொடுத்தது 30,680. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி எங்கே போயிற்று, அதில் எதைக் குறைத்திருக்கலாம், எதைக் குறைக்கவே முடியாது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். தொகைகள் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊருக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாறும். ஆனால் செலவு வருகிற வரிசை எல்லோருக்கும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் திரும்பி வராத பணம்: புரோக்கர், லாரி, ஏசி மெக்கானிக். இரண்டாவதில் என்றாவது திரும்பி வரும் பணம்: அட்வான்ஸ், கேஸ் டெபாசிட். மூன்றாவதில் தேதி. இந்தத் தேதிக் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் போதாது, எந்தத் தேதியில் கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

காரணம் எளிது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும். பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் பழைய அட்வான்ஸ் வரும். நடுவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ இரண்டு அட்வான்ஸையும் நாம் ஒருவரே சுமக்க வேண்டும். எங்களுக்கு மே 24 இரவு வரை 1,30,000 ரூபாய்க்கு மேல் வெளியே போயிருந்தது. அன்று வரை பழைய அட்வான்ஸிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. நல்லவேளையாக ஏப்ரலிலேயே சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தேன்.

சீட்டு, சேமிப்பு எதுவும் இல்லையென்றால் இந்த இடைவெளிக்கு நகைக்கடன் பரவாயில்லை. அறுபதாயிரத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இரண்டு மாதத்துக்கு வாங்கினால் வட்டி 1,200 ரூபாய். அந்த 1,200-ஐயும் முதல் கட்டத்தில் எழுதிவிடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது மட்டும் வேண்டாம்.

பழைய வீட்டில் எவ்வளவு கழியும்?

காலி செய்கிறோம் என்று சொல்லும் அன்றே இதைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை மாத நோட்டீஸ், பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று படியுங்கள். சென்னையில் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது கவனிக்கவில்லை. 16,000 ரூபாய் அப்படியே போனது. இரண்டாவது பெரிய செலவு அதுதான். குடிவரும் அன்று வீட்டின் சுவரை போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேரம் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ஐந்து, ஆறு, பத்து மாத அட்வான்ஸ் இன்னும் கேட்கிறார்கள், ஒப்பந்தத்திலும் அதையே எழுதிவிடுகிறார்கள். ஆனாலும் அந்த ஒரு மாதக் கெடுவைத் தெரிந்து வைத்துக்கொண்டு, “எந்தத் தேதியில் தருவீர்கள் சார்?” என்று மரியாதையாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நடுவில் காலி செய்தால் குழப்பம்தான். சாவி கொடுக்கும் அன்று, உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே மீட்டரை போட்டோ எடுங்கள். குத்துமதிப்பாகக் கழிக்க விடாதீர்கள்.

புது வீடு: புரோக்கர், அட்வான்ஸ், இரட்டை வாடகை

வெளியூர் என்றால் வீடு பார்க்கப் போய்வருவதே ஒரு செலவு. நாங்கள் இருவரும் இரண்டு முறை போனோம், ரயிலும் சாப்பாடுமாக 3,200. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 14,000. இந்தத் தொகையை நான் மிகவும் நொந்துகொண்டேன். ஏனென்றால் அதே தெருவில் இரண்டு வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ போர்டு தொங்கியது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, தெருத்தெருவாக நடந்து, மளிகைக் கடையிலும் அயர்ன்காரரிடமும் விசாரித்திருந்தால் அந்தப் பதினாலாயிரம் மிச்சம். உங்களுக்கு நேரம் இருந்தால் நடந்து பாருங்கள்.

அட்வான்ஸ் 70,000. ஏப்ரல் 20-ல் டோக்கன் பத்தாயிரம், மே 10-ல் மீதி. வாடகை மே 15 முதல் என்று பேசிக்கொண்டோம், அதனால் அரை மாதம் 7,000. குரோம்பேட்டை வீட்டுக்கு மே மாத வாடகை முழுசாகக் கொடுத்தாயிற்று. ஆக அந்த ஏழாயிரம் இரட்டை வாடகை. இதை வீண் என்று நினைக்க வேண்டாம். கையில் சாவி இருந்ததால் ஒரு வாரம் முன்னதாகவே போய்க் குழாய், சுவிட்ச், ஏசி பாயிண்ட் எல்லாம் பார்த்துவிட முடிந்தது. ஒரே நாளில் அங்கே காலி, இங்கே குடியேற்றம் என்று வைத்துக்கொண்டு, புது வீட்டில் மோட்டார் ஓடாமல் போனால் படும் பாட்டுக்கு ஏழாயிரம் பரவாயில்லை. பத்து நாளுக்கு மேல் இழுக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுக்குமாடி என்றால் சங்கத்தில் கேளுங்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. சாமான் ஏற்ற லிஃப்ட் தரமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை லாரி விடமாட்டார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நாள் குறிப்பதிலும் பணம் இருக்கிறது

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள். அதனால் தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் பேக்கர்ஸுக்கு ஏக கிராக்கி. போதாக்குறைக்கு மே மாதம் பள்ளி விடுமுறை, மாதக் கடைசி, சனி ஞாயிறு. இத்தனையும் சேர்ந்த நாளில் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை. நாங்கள் மே மாதத்தைத் தவிர்க்க முடியாமல், வாரநாளாகப் பார்த்துப் புதன்கிழமை வைத்துக்கொண்டோம். ஒரே நிறுவனம் ஞாயிறுக்குச் சொன்ன விலையைவிடப் புதனுக்கு மூவாயிரம் குறைத்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஆடி மாதம் வாடகை வீட்டுக்கும் லாரிக்கும் சேர்த்தே பேரம் படியும். மனம் ஒப்பவில்லை என்றால், ஆனியிலேயே நல்ல நாளில் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதை எடுத்துப் போவது

கொட்டேஷன் கேட்பதற்கு முன் இதை முடியுங்கள். வண்டியின் அளவை முடிவு செய்வதே சாமான்தான். ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதை இன்று விற்றால் என்ன வரும், அங்கே போய்ப் பழசாகவே வாங்கினால் என்ன ஆகும்? பிளைவுட் கட்டில் ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்குரு பிடிக்காது, இரண்டாவது முறை ஆடும். விற்றுவிடுங்கள். எங்கள் சோபாவை 3,500-க்குப் பக்கத்துத் தெருக்காரர் எடுத்துக்கொண்டார். பழைய பேப்பரும் இரும்பும் 640. தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, கிரைண்டர் மூன்றையும் யோசிக்காமல் ஏற்றுங்கள். அதே தரத்தில் திரும்ப வாங்க முடியாது.

புத்தகம் இருக்கிற வீடு என்றால் சின்னப் பெட்டியாகப் பிடியுங்கள். பெரிய பெட்டியில் அடைத்தால் தூக்கும்போதே அடி பிய்ந்துவிடும். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கலாம். பாத்திரத்துக்கு நடுவே பழைய வேட்டி, புடவை, துண்டு. துணிமணி, புத்தகம், பாத்திரத்தை நாமே கட்டிவிட்டு, கண்ணாடியையும் மின்சாதனங்களையும் மட்டும் அவர்களிடம் விட்டால் பேக்கிங் கூலி நன்றாகவே குறையும்.

கொட்டேஷன்: இங்கேதான் கண் வேண்டும்

குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். எங்களுக்கு வந்தவை மூன்று: 22,000, 26,000, 34,000. இருபத்திரண்டு சொன்னவர் வீட்டை வந்து பார்க்கவே இல்லை, போனிலேயே சொன்னார். அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஜிஎஸ்டி தனி, இரண்டாவது மாடிக்குத் தனி, கட்டில் கழற்றி மாட்டத் தனி, இறக்குவதற்குக் கோவையில் ஆள் தனி என்று முப்பதைத் தாண்டியது. முப்பத்திநாலு சொன்னவர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். இருபத்தாறு சொன்னவர் வீட்டுக்கே வந்து, சமையலறை மேல் பரணைக்கூட எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். பேக்கிங் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4,680 சேர்த்து 30,680. அவரையே பிடித்தோம்.

கேட்க வேண்டியவை இவை: எந்த வண்டி, எத்தனை அடி? பக்கத்துத் தெருவுக்கு மாறுவதென்றால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி இரண்டு நடை போதும். வீட்டுச் சாமான் முழுசும் வெளியூர் போக வேண்டுமென்றால் டாடா 407 லாரியோ பதினாலு அடி வண்டியோ வேண்டியிருக்கும். வண்டி முழுக்க நமக்கா, வேறு வீட்டுச் சாமானும் சேர்ந்து வருமா? சேர்ந்து வந்தால் விலை குறையும், ஆனால் நாள் தள்ளும், வழியில் வண்டி மாற்றி ஏற்றுவார்கள், அடிபடும். சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது? ஏற்ற எத்தனை பேர், இறக்க எத்தனை பேர்? லாரி எங்கே வரை வரும்?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. சாமான் ஏற்றிய மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரி எங்கள் புதுத் தெருமுனையில் வந்து நின்றது. எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க, அந்த வண்டி உள்ள வராதுங்க. கேபிள் இடிக்குமுங்க” என்றார். லாரி டிரைவர் இறங்கி, தாழத் தொங்கும் ஒயரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம், “அக்கா, ஒரு குட்டி யானை புடிக்கணும், ரெண்டாயிரம் ஆகும்” என்றார். சாமான் எல்லாம் லாரிக்குள்ளே. நடு ரோட்டில் நின்று என்ன பேரம் பேச முடியும்? நிறுவனத்துக்குப் போன் போட்டால் “அது லோக்கல் ஷிஃப்டிங் மேடம், கொட்டேஷனில் வராது” என்று பதில். முந்நூறு அடி தூரத்துக்கு இரண்டாயிரம். புது வீட்டுத் தெருவை இரு முனையிலிருந்தும் வீடியோ எடுத்து அனுப்பி, “வண்டி வீட்டு வாசலுக்கு வரும்” என்று எழுத்தில் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முன்பணம் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பெரிய நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிய மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு, குறைந்த விலை சொல்லி, சாமான் ஏறியதும் தொகையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவான பெயர் வரும். இரண்டு பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வீட்டில் புழங்கிய பழைய சாமானுக்கு, சரக்கு கொண்டுபோக எடுக்கும் ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. அதற்கென்று யாராவது தொகை எழுதினால் காரணம் கேளுங்கள்.

‘இன்ஷூரன்ஸ்’ என்று சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசி உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அது காப்பீடே இல்லை, அவர்களே வாங்கி வைத்துக்கொள்ளும் பணம்தான்.

நேரடியாக லாரி பிடிக்கத் துணிவு இருந்தால் ரிட்டர்ன் வண்டி கிடைக்கும். கோயம்பேட்டில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிக்கு வாடகை கம்மி. ஆனால் கழுவி, தார்ப்பாய் விரித்துத் தரச் சொல்ல வேண்டும். ஏற்றவும் இறக்கவும் ஆள் நாமே பிடிக்க வேண்டும். சாமான் குறைவாக இருக்கிற, கூட மாட உதவ ஆள் இருக்கிற குடும்பத்துக்குச் சரி.

ஏசி, பிரிட்ஜ், தண்ணீர் மெஷின்

ஏசிக்காக நான் முதலில் எழுதியிருந்தது 2,000. ஆனது 6,500. கழற்ற 700, மாட்ட 1,500. புது வீட்டில் வெளி யூனிட் தள்ளி இருந்ததால் காப்பர் பைப் கூடுதலாக இரண்டு மீட்டர், 1,800. கேஸ் நிரப்ப 2,500. கழற்றும்போதே கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவது ஒரு கைவேலை. அது தெரிந்த மெக்கானிக்கைப் பிடித்திருந்தால் கடைசி 2,500 மிச்சமாகியிருக்கும். ஏசி பழசு, பத்து வருஷம் ஆகிறது என்றால் கழற்றுவதோடு விற்றுவிடுவதே மேல்.

பிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்து, நிறுத்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் சில மணி நேரம் விட்டுப் போடுங்கள். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது நான்கு போல்ட் கொடுத்திருப்பார்கள். டிரம் ஆடாமல் பிடிக்கும் அந்தப் போல்ட்டைத் தேடி எடுத்து மாட்டுங்கள்.

தண்ணீர் மெஷினை உடனே மாட்டிவிடாதீர்கள். குரோம்பேட்டையின் உப்புத் தண்ணீருக்கு ஆர்ஓ இல்லாமல் முடியாது. கோவையில் சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணீர் வரும் வீட்டில் அதன் அவசியமே இல்லாமல் போகலாம். நாங்கள் ஒரு வாரம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்துவிட்டு, மெஷினைப் பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.

கேஸ்

அதே ஊருக்குள் என்றால் ஏஜென்சி மாற்றம் மட்டும்தான். டெபாசிட் அப்படியே தொடரும். வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் டெர்மினேஷன் வவுச்சரையும் (இணைப்பை முடித்ததற்கான சீட்டு) வாங்கிக்கொண்டு, புது ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி மறுபடி டெபாசிட் கட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது: திரும்ப வருவது நீங்கள் அன்று கட்டிய தொகை, இங்கே கட்டுவது இன்றைய தொகை. 2016-ல் நாங்கள் சிலிண்டருக்கு 1,450 வீதம் கட்டியிருந்தோம். 2022 ஜூனில் அது 2,200 ஆனது, ரெகுலேட்டர் 150-லிருந்து 250. இரண்டு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டருக்கு வித்தியாசம் 1,600. சிலிண்டரில் மீதமிருக்கும் கேஸுக்குப் பணம் வராது, அதனால் கடைசி மாதம் புதுசாக புக் செய்யாமல் இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். லாரியில் சிலிண்டர் ஏற்றக் கூடாது, நல்ல நிறுவனம் ஏற்றாது.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

சாமான் ஏற்றும் நாளில் ரொக்கம் சில்லறையாக வைத்திருங்கள். எங்கள் பீரோவை ஒரே ஆள் முதுகில் கயிறு கட்டி, இரண்டு மாடி, சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கினார். கண்ணாடிக்கு மேல் எங்கள் மெத்தையையே சுற்றியிருந்தார். கீழே வந்து இறக்கிவைத்தபோது தோள்பட்டையில் கயிறு பதிந்த தடம் செக்கச்செவேல் என்று இருந்தது. அவர்களுக்கு டீ, டிபன், மதியச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம் என்று எழுதியே வையுங்கள். நாமும் அடுப்பு இல்லாமல் இரண்டு நாள் வெளியே சாப்பிட வேண்டும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 4,200. நகை, பத்திரம், மகளின் டி.சி., மருந்து எல்லாம் கைப்பையில். துளசித் தொட்டியும் எங்களோடு ரயிலில்தான் வந்தது.

இறக்கும்போது லிஸ்டை வைத்துப் பெட்டியை எண்ணுங்கள். உடைந்திருந்தால் ரசீதில் எழுதிய பிறகே கையெழுத்து. இழப்பு பெரிதாக இருந்தால், 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வழக்குப் போட முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பால் காய்ச்சியதோடு செலவு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் 11,400 ரூபாய், ஐம்பதும் நூறுமாகப் போயிற்று. பழைய ஜன்னலுக்குத் தைத்த கொசு வலை இங்கே பொருந்தவில்லை. கர்ட்டன் ராடு நீளம் போதவில்லை. டியூப் லைட் மூன்று, சமையலறைக்கு ஒரு பிளக் பாயிண்ட், வாசலுக்குப் புதுப் பூட்டு, டிரில் போட வந்தவருக்கு, பக்கெட், மளிகையில் முதலிலிருந்து உப்பு புளி மிளகாய். இவற்றை முன்கூட்டி ஒவ்வொன்றாக எழுத முடியாது. ஒரு மாத வாடகை அளவுக்கு ஒரு தொகையைத் தனி உறையில் போட்டு, ‘புது வீடு’ என்று எழுதி வையுங்கள்.

நோட்டை ஜூன் மாதம் முழுக்க மூடாதீர்கள். பழைய உரிமையாளருக்கு நான் மூன்று முறை போன் செய்தேன். பெயிண்டுக்கு 16,000, ஈபிக்கு 1,850 போக, பழைய அட்வான்ஸ் ஒரு லட்சத்தில் 82,150 ரூபாய் ஜூன் 18-ம் தேதி கணக்கில் ஏறியது. அன்று இரவு இரண்டாவது கட்டத்தில் அந்த வரியை அடித்தேன். புது அட்வான்ஸ் 70,000-ஐ அடுத்த பக்கத்தில் எழுதி, ஒப்பந்தத்தின் நகலையும், குடிவந்த அன்று எடுத்த சுவர் போட்டோக்களையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.